வெளிநாட்டில் அவே மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அவே மேட்ச் என்றால் எதிரணியின் மைதானத்தில் நடக்கும் ஆட்டம். நம் கால்பந்து அணி வெளிநாட்டுக்குப் போய் ஆடும்போது கூடவே போய்த் தொண்டை வறளக் கத்திவிட்டு வரவேண்டும் என்று ஆசைப்படாத ரசிகர் யார்? முதல்முறை கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட தொனியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஐரோப்பியக் கிளப் போட்டிகளின் விதிகள் தெளிவாக எழுதி வைக்கப்பட்டிருப்பதால் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்து அதிகம் வரும். யோசனைகள் எந்தக் கண்டத்துக்கும் பொருந்தும்.

ஊர் சுத்திப் பார்க்கப் போற மாதிரி போய், மேட்சையும் பார்த்துட்டு வந்துடலாமே. இதுக்குத் தனியா என்ன ஏற்பாடு?

சுற்றுலாப் பயணியாக ஒரு நகரத்தில் இறங்கினால் உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள். அவே ரசிகராக இறங்கும்போது அப்படி இல்லை. எத்தனை பேர் வருகிறார்கள், எந்த வழியாக நடத்திக் கூட்டிப் போவது, எந்த வாசலில் உள்ளே விடுவது, எப்போது வெளியே விடுவது என்று அந்த ஊர்க் காவல்துறை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கும். நீங்கள் ஒற்றை ஆளாக வந்திருந்தாலும் அவர்கள் பார்வையில் ஒரு கூட்டத்தில் ஒருவர்தான். பாதுகாப்பு கிடைப்பதும் இதனால்தான், யாரோ செய்த தவறுக்கு நீங்கள் மாட்டிக்கொள்வதும் இதனால்தான்.

ஆகவே இந்தப் பயணத்தைக் கடைசி விசிலில் ஆரம்பித்துப் பின்னோக்கித் திட்டமிடுங்கள். அன்றிரவு எங்கே படுப்பது, மைதானத்திலிருந்து அங்கே எப்படிப் போவது, எத்தனை மணிக்கு வெளியே விடுவார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விமானம், ஹோட்டல் எல்லாம் அதற்குப் பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, மலிவு விலை விமானத்தை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் திண்டாடுகிறார்கள்.

டிக்கெட் எங்கே வாங்கணும்? எல்லாருக்கும் கிடைக்குமா?

உங்கள் சொந்தக் கிளப்பிடம்தான். தேசிய அணி என்றால் உங்கள் நாட்டுக் கால்பந்துச் சங்கத்திடம். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏவின் போட்டிகளில் மைதானக் கொள்ளளவில் குறைந்தது 5 சதவீதத்தை, தனியாகப் பிரிக்கப்பட்ட பாதுகாப்பான பகுதியில், வருகிற அணியின் ரசிகர்களுக்கு ஒதுக்க வேண்டும். 40,000 பேர் அமரும் மைதானம் என்றால் 2,000 இடம். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் உள்ள கிளப்புக்கு இது மிகக் குறைவு. அதனால் முன்பு எத்தனை அவே மேட்ச் போயிருக்கிறீர்கள் என்பதைப் புள்ளிகளாகக் கணக்கிட்டு, புள்ளி அதிகமுள்ளவர்களுக்கு முதலில் கொடுக்கும் கிளப்புகள் நிறைய. உங்களுக்குப் புள்ளியே இல்லையென்றால், பெரிய எதிரணிக்காகக் காத்திருக்காதீர்கள். யாரும் போக விரும்பாத தூர தேசத்து ஆட்டத்தில் ஆரம்பியுங்கள். டிக்கெட் எளிதாகக் கிடைக்கும், பயணத்துக்கும் பழகிக்கொள்ளலாம்.

விலைக்கும் உச்சவரம்பு உண்டு. 2025-26 பருவத்தில் யூஇஎஃப்ஏவின் மூன்று கிளப் போட்டிகளில் அவே டிக்கெட்டுக்குச் சாம்பியன்ஸ் லீகில் 50 யூரோ, யூரோப்பா லீகில் 35 யூரோ, கான்ஃபரன்ஸ் லீகில் 20 யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது. இதைவிடப் பல மடங்கு விலை சொல்லி ஒருவர் உங்களிடம் விற்க வந்தால் அவர் கிளப்பின் ஆள் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

அவே பகுதியில கிடைக்கலை. எதிரணி ரசிகர்கள் பக்கம் ஒரு சீட் வாங்கிட்டு, சத்தம் போடாம உட்கார்ந்து பார்த்துடலாமா?

வேண்டாம். உங்கள் அணி கோல் அடிக்கும் நொடியில் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பல நாடுகளில் எதிரணிப் பகுதியில் அமர்ந்திருப்பது தெரிந்தாலே காவலர்கள் வெளியேற்றிவிடுவார்கள். டிக்கெட்டில் அச்சிட்ட நிபந்தனைகளில் அது இருக்கும். சில மைதானங்கள் எதிரணி நாட்டுக் கடவுச்சீட்டு, எதிரணி நகரத்து முகவரி, ஏன், வங்கி அட்டை வழங்கிய நாட்டைக்கூடப் பார்த்து டிக்கெட்டை ரத்து செய்கின்றன.

கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள கேலரியில் எதிரணியின் தீவிர ரசிகர்கள் நிற்பார்கள். அந்தப் பக்கம் மட்டும் கனவிலும் போகாதீர்கள்.

நண்பரால வர முடியலை. அவர் டிக்கெட்டில நான் போகலாமா?

முறைப்படி பெயர் மாற்றித் தந்தால் போகலாம், சும்மா வாங்கிக்கொண்டு போகக் கூடாது. இத்தாலி போன்ற நாடுகளில் டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிடுவார்கள். துருக்கியில் 2014 முதல் மின்னணு அட்டை முறை நடப்பில் இருக்கிறது. இன்னொரு வகை ஏற்பாடும் உண்டு: கிளப் உங்களுக்கு டிக்கெட்டைத் தராமல் ஒரு வவுச்சரைத் தரும். மேட்ச் நாளன்று அந்த வெளிநாட்டு நகரத்தில் குறிப்பிட்ட இடத்துக்கு நீங்களே நேரில் போய், கடவுச்சீட்டைக் காட்டி, டிக்கெட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். கள்ளச் சந்தையைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. மாற்றிக்கொள்ளும் இடம் மைதானத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கலாம், நேரமும் குறைவாக இருக்கலாம் என்பதால் மதியத்துக்கு மேல் தரையிறங்கும் விமானம் இதற்கு ஒத்துவராது.

டிக்கெட்டே இல்லாம சும்மா அந்த ஊருக்குப் போய் கொண்டாட்டத்தைப் பார்த்துட்டு வரலாமா?

இறுதிப் போட்டி என்றால் ரசிகர்களுக்கென்று நகரத்தில் திரை கட்டிய திடல்கள் அமைப்பார்கள். அங்கே போகலாம், நன்றாகவே இருக்கும். சாதாரண ஆட்டத்துக்கு இப்படிப் போவது ஆபத்து. அவே ரசிகர்களுக்குத் தடை போட்ட ஆட்டத்துக்குப் போவது இன்னும் மோசம்.

2023 ஆகஸ்டில் ஏதென்ஸில், அந்த ஊர் கிளப்பான ஏஇகேவுக்கும் குரோஷியாவின் டினமோ ஜாக்ரெப்புக்கும் நடக்கவிருந்த தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு அவே ரசிகர்கள் வரக் கூடாது என்று முன்பே அறிவித்திருந்தார்கள். அதையும் மீறிப் பெருங்கூட்டம் போனது. ஆட்டத்துக்கு முந்தைய இரவு நடந்த மோதலில் ஏஇகே ரசிகர் ஒருவர் கொல்லப்பட்டார். ஆட்டம் தள்ளிப்போனது. நூறு பேருக்கு மேல் கைதாகி, பலர் மாதக்கணக்கில் விசாரணைக் காவலில் கிடந்தார்கள். கத்தி எடுத்தது யார் என்று கண்டுபிடிக்கும்வரை அங்கே இருந்த எல்லோரும் சந்தேக நபர்கள்தான். அதே ஆண்டு மார்ச்சில் நேப்பிள்ஸிலும் இப்படி நடந்தது. ஜெர்மனியிலிருந்து ஆட வந்த ஃப்ராங்க்ஃபர்ட் அணியின் ரசிகர்களுக்கு டிக்கெட் விற்க உள்ளூர் நிர்வாகம் தடை போட்டது, நூற்றுக்கணக்கானோர் டிக்கெட் இல்லாமலே வந்தார்கள், தெருவில் கலவரமானது. தடை நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம். பல தடைகள் நியாயமற்றவை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தெருவில் நின்று வாதாடி எதுவும் ஆகப்போவதில்லை.

விசா எப்போ போடணும்? டிரா முடிஞ்சு தேதி தெரிஞ்சப்புறம் போட்டா போதாதா?

முதல் கட்ட ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் போதும், தோற்றால் வெளியேறும் நாக் அவுட்டுக்குப் போதாது. சாம்பியன்ஸ் லீகின் முதல் கட்டத்துக்கு ஆகஸ்ட் கடைசியில் டிரா, அதாவது யார் யாரோடு ஆடுவது என்ற குலுக்கல், உடனே தேதிகளும் வந்துவிடும். நாக் அவுட் சுற்றுகளில் எதிரணி யார் என்று தெரிவதற்கும் ஆட்டத்துக்கும் இடையே சில வாரங்கள்தான் இருக்கும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளுக்கு முன் விண்ணப்பித்தாக வேண்டும். முடிவுக்கு 15 நாள் என்றாலும், சிக்கலான விண்ணப்பத்துக்கு 45 நாள்வரை நீளலாம். நேர்காணல் நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே முதல் ஆட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழையும் விசாவைக் கேளுங்கள். எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது என்பதை மட்டும் எண்ணி வையுங்கள்.

கடவுச்சீட்டு, நீங்கள் ஷெங்கன் நாடுகளை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின்னும் 3 மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். வழங்கி 10 ஆண்டு கடந்திருக்கக் கூடாது. வேறு பல நாடுகள் 6 மாதம் கேட்கும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயண நோக்கத்தைச் சுற்றுலா என்று பொதுவாகச் சொல்லிவிட்டு விடாமல், ஆட்டத்தின் பெயர், தேதி, டிக்கெட் உறுதிச் சீட்டு எல்லாவற்றையும் இணைத்துவிடுங்கள். குடியேற்ற அதிகாரி கேட்டாலும் அதுவே பதில்.

2026 உலகக் கோப்பைக்கு ஒரே விசாவில மூணு நாட்டுக்கும் போகலாமாமே?

இல்லை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் நுழைவு விதிகள் தனித்தனி. மேட்ச் டிக்கெட் கையில் இருப்பதும் விசா ஆகாது. ரஷ்யாவில் 2018-இல் ரசிகர் அடையாள அட்டையும், கத்தாரில் 2022-இல் ஹய்யா அட்டையும் நுழைவு அனுமதியாகப் பயன்பட்டன. அதனால்தான் எல்லா இடத்திலும் அப்படியே இருக்கும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்டத் தேதி மாறுமா? விமானம் எப்போ பதிவு பண்றது?

மாறும். ஒளிபரப்புக்காக ஒரு நாள் முன்னே பின்னே போகும், அதே நகரத்தின் இன்னொரு அணிக்கும் அன்று ஆட்டம் இருந்தால் மாறும், பாதுகாப்புக் காரணத்துக்காகவும் மாறும். தேதி உறுதியாகும்வரை மாற்றிக்கொள்ளக்கூடிய அல்லது பணம் திரும்பும் பதிவுகளை மட்டும் செய்யுங்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் போய், மறுநாள் மதியத்துக்கு மேல் திரும்புவது நிம்மதியான கணக்கு.

கடிகார மாற்றத்தையும் பாருங்கள். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு நேரம் மாறுகிறது. அமெரிக்கா, கனடாவின் பெரும்பாலான பகுதிகளில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இடைப்பட்ட வாரங்களில் நீங்கள் வழக்கமாகக் கூட்டிக் கழிக்கும் மணி வித்தியாசம் தப்பாகிவிடும்.

மேட்ச் ராத்திரி 9 மணிக்கு. 11.30-க்குக் கடைசி ரயில். பிடிச்சிடலாம்ல?

அதிகம் பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், இடைவேளையும் கூடுதல் நிமிடங்களும் சேர்ந்து 10.50 வாக்கில் முடியும். உள்ளூர்க்காரர்கள் கிளம்பிப் போவார்கள். அவே பகுதியின் கதவுகள் மட்டும் மூடியே இருக்கும். வெளியே இரண்டு கூட்டமும் மோதிக்கொள்ளாமல் இருக்க, அவே ரசிகர்களை உள்ளேயே நிறுத்தி வைப்பது ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் சாதாரண நடைமுறை. கால் மணியில் விட்டாலும் விடுவார்கள், ஒரு மணி நேரம் தாண்டினாலும் தாண்டும். யாரிடம் கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்றாலும் அதே பதில்தான்.

நாக் அவுட் ஆட்டம் என்றால் இன்னும் கூட்டுங்கள். எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்கு அதிக மதிப்பு தரும் விதியை யூஇஎஃப்ஏ 2021-இல் எடுத்துவிட்டது. இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கு சமமானால் எக்ஸ்ட்ரா டைம், அதற்கப்புறம் பெனால்டி. அதற்கே முக்கால் மணி நேரம் போகும். எல்லாம் சேர்ந்தால் நள்ளிரவு தாண்டித் தெருவுக்கு வருவீர்கள்.

ஆகவே கடைசி ரயிலை மறந்துவிடுங்கள். நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அறை பிடிப்பது முதல் வழி. கிளப்போ ரசிகர் சங்கமோ ஏற்பாடு செய்யும் பேருந்தில் இடம் வாங்குவது இரண்டாவது வழி. அவே வாசலிலேயே நிற்கும், எல்லோரும் வரும்வரை கிளம்பாது. நிறுத்தி வைக்கும் நேரத்தில் உள்ளே கடைகள் மூடியிருக்கும் என்பதால் இடைவேளையிலேயே தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் ஆட்டத்தின்போது தெரியாத குளிர், அசையாமல் நிற்கும்போதுதான் எலும்பில் இறங்கும்.

ஸ்டேடியத்துக்குள்ள என்னென்ன கொண்டுபோகக் கூடாது?

ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு பட்டியல் உண்டு, கிளப் அனுப்பும் பயணக் குறிப்பில் வரும். பொதுவாக ஏ4 தாளைவிடப் பெரிய பையை விட மாட்டார்கள். கண்ணாடிப் பாட்டில், தகர டப்பா, குடை, நீளமான கொடிக்கம்பு, லென்ஸ் மாற்றும் வகைக் கேமரா, லேசர் விளக்கு எல்லாம் வாசலோடு சரி. பை வைக்கும் அறை அவே வாசலில் பெரும்பாலும் இருக்காது. விமானத்திலிருந்து நேராகப் பெட்டியோடு மைதானத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ரயில் நிலையத்தில் பூட்டுப் பெட்டி கிடைக்கும்.

பவர் பேங்க் விஷயத்தில் இரண்டு பக்கமும் இடி. விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், 100 வாட்-மணிக்குள் இருந்தால் தடையில்லை. சுமார் 27,000 எம்ஏஎச். மைதானத்தில் பெரியதைப் பிடுங்கிவிடுவார்கள். டிக்கெட் போனில் இருக்கும் காலம் இது, அதனால் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னது ஒன்று போதும்.

ஜெர்சி போட்டுக்கிட்டு ஊருக்குள்ள சுத்தலாமா?

ஊரைப் பொறுத்தது. பல நகரங்களில் இரு அணி ரசிகர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக் கைகுலுக்கிப் பிரிவார்கள். சில நகரங்களில் ஒற்றை ஸ்கார்ஃபுக்காக ஆளை மடக்குவார்கள். எதிரணியின் ஸ்கார்ஃபையும் பேனரையும் பறிப்பதைச் சில தீவிர ரசிகர் கும்பல்கள் வீரமாகவே நினைக்கின்றன. எது எந்த ஊர் என்று போய்வந்தவர்களைக் கேளுங்கள். தெரியாவிட்டால், தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ நடக்கும்போது ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்துவிடுங்கள். கூட்டத்தோடு சேர்ந்தபின் திறந்துகொள்ளலாம். எதிரணியின் நிறம் என்ன, அந்த ஊரின் இன்னொரு கிளப்பின் நிறம் என்ன என்பதையும் தெரிந்துகொண்டு பெட்டி கட்டுங்கள்.

தனியா வர்ற பெண்கள் போகலாமா? குழந்தையைக் கூட்டிட்டுப் போகலாமா?

போகலாம், போகிறார்கள். பெண்களுக்கு நான் சொல்வது: தனியே பயணம் செய்தாலும் மைதானத்துக்குப் போகும் நடையையும் திரும்பும் நடையையும் மட்டும் உங்கள் ரசிகர் சங்கத்தோடு சேர்ந்து செய்யுங்கள். பல கிளப்புகளில் பெண் ரசிகர்களின் குழுக்கள் உண்டு, அறைப் பகிர்வுக்கும் அவர்கள் உதவுவார்கள். வாசலில் உடல் சோதனைக்குப் பெண் காவலர் வேண்டும் என்று கேளுங்கள். இல்லை என்றால் வரும்வரை காத்திருங்கள்.

குழந்தை விஷயத்தில் ஊரைவிட எதிரணியையும் நேரத்தையும் பாருங்கள். பழைய பகை உள்ள ஆட்டம், நள்ளிரவில் முடியும் ஆட்டம் இரண்டையும் தவிர்க்கலாம். அவே பகுதியில் பெரும்பாலும் எல்லோரும் முழு ஆட்டத்தையும் நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள். சிறுவர்களுக்கு முன்னால் இருப்பவர் முதுகுதான் தெரியும். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பிள்ளையோடு எல்லை கடந்தால், மற்றவரின் சம்மதக் கடிதத்தைச் சில நாடுகள் கேட்கும்.

அப்பாவுக்குச் சக்கர நாற்காலி. அவே பகுதியில இடம் இருக்குமா?

பழைய மைதானங்களில் சக்கர நாற்காலி இடங்கள் உள்ளூர் ரசிகர்கள் பகுதியில் மட்டும் இருப்பது இன்னும் நடக்கிறது. உங்கள் கிளப்பின் மாற்றுத்திறனாளி வசதி அலுவலரிடம் முதல் நாளே பேசுங்கள். யூஇஎஃப்ஏ உரிமம் பெறும் கிளப்புகள் அப்படி ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது விதி. துணைக்கு வருபவருக்கு டிக்கெட், கழிப்பறை எவ்வளவு தூரம், மழை விழுமா, நிறுத்தி வைக்கும் நேரத்தில் முன்னதாக வெளியே விடுவார்களா என்று நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பீர் குடிச்சிட்டு உள்ளே போகலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். ஸ்காட்லாந்தில் 1980 முதல் கால்பந்து மைதானங்களில் மதுவுக்குக் கட்டுப்பாடு. இங்கிலாந்தில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் குடிக்கக் கூடாது. ஜெர்மனியில் கையில் கோப்பையோடு நின்று பார்ப்பவர்களைப் பார்க்கலாம், ஆபத்தான ஆட்டம் என்று வகைப்படுத்தினால் அங்கேயும் நிறுத்துவார்கள். கத்தாரில் 2022-இல் போட்டி தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது மைதான பீர் விற்பனையையே ரத்து செய்தார்கள். எங்கே போனாலும் தள்ளாடிக்கொண்டு வாசலுக்கு வருபவரைத் திருப்பி அனுப்பும் உரிமை காவலருக்கு உண்டு. காப்பீட்டு நிறுவனங்களும் குடிபோதையில் நடந்த விபத்துக்குப் பணம் தராமல் கைவிரிக்கும்.

பேனர், மத்தாப்பு, கோஷம் இதுக்கெல்லாம் என்ன விதி?

பெரிய பேனருக்கு முன் அனுமதி வேண்டும். அளவு, படம், வாசகத்தின் மொழிபெயர்ப்பு எல்லாம் அனுப்பச் சொல்வார்கள். மத்தாப்பும் புகைக்குண்டும் சில நாடுகளில் கொண்டாட்டம்போலத் தெரியும், ஆனால் யூஇஎஃப்ஏ போட்டியில் எங்கே கொளுத்தினாலும் கிளப்புக்கு அபராதம். இங்கிலாந்தில் மைதானத்துக்குள் வைத்திருப்பதே குற்றம். ரசிகர் செய்ததற்குக் கிளப் பொறுப்பு என்பதுதான் விதி. திரும்பத் திரும்ப நடந்தால் அடுத்த அவே ஆட்டத்துக்கு டிக்கெட் விற்கவே தடை வரும். ஒருவர் கொளுத்தியதற்காக ஆயிரம் பேர் வீட்டில் உட்காரும் நிலை அது.

கோஷத்தில் கவனமாக இருங்கள். உங்கள் ஊரில் கேலி என்று போகும் ஒன்று இன்னொரு நாட்டில் சட்டப்படி குற்றமாக இருக்கலாம். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களும் கை உயர்த்தும் வணக்கமும் தண்டனைக்குரியவை. பிரேசிலில் ஒருவரை நிறத்தை வைத்து இழிவு செய்வது 2023 சட்டத்தின்படி இனவெறிக் குற்றத்துக்குச் சமம். குரங்குச் சைகை காட்டிய வெளிநாட்டு ரசிகர்கள் அங்கே மைதானத்திலேயே கைதாகியிருக்கிறார்கள். சட்டம் இல்லாத நாட்டிலும் அதைச் செய்யாதீர்கள். உங்கள் பக்கத்தில் நிற்பவர் செய்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

உயரமான ஊர், வெப்ப நாடு, ஊசி... இதெல்லாம் ரசிகருக்கும் தேவையா?

ஆட்டக்காரரைவிட உங்களுக்குத்தான் அதிகம் தேவை, அவருக்கு மருத்துவர் கூடவே வருவார். பொலிவியாவின் லா பாஸ் சுமார் 3,600 மீட்டர் உயரம், ஈக்வடாரின் கீட்டோ 2,850 மீட்டர். ஃபிஃபா 2007-இல் 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டங்கள் கூடாது என்று தடை போட்டு, எதிர்ப்புக்குப் பின் அடுத்த ஆண்டு விலக்கிக்கொண்டது. அந்த ஊர்களில் முதல் நாள் மெதுவாக நடங்கள், குடிக்காதீர்கள், தண்ணீர் அதிகம் எடுங்கள். இதய, நுரையீரல் தொல்லை இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும்.

வழக்கமான மாத்திரைகளை மருந்துச்சீட்டோடு, கடை உறையிலேயே எடுத்துப் போங்கள். சாதாரணச் சளி மருந்துகூட, சூடோஎபெட்ரின் அளவு கூடினால், ஜப்பானில் தடை. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாடு.

போலீஸ் எங்க கூட்டத்தையே சுத்தி வளைச்சு நிறுத்திட்டா என்ன செய்யறது?

அமைதியாக நில்லுங்கள். ரயில் நிலையத்திலிருந்து மைதானம்வரை காவலர் சூழ நடத்திக் கூட்டிப் போவது வழக்கம்தான். நடுவில் கடைக்குப் போக, சிறுநீர் கழிக்கக்கூட விட மாட்டார்கள், அதனால் புறப்படுமுன்பே முடித்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்வலத்தில் சேர விருப்பமில்லை என்றால், கூடும் இடத்துக்கே போகாமல் வேறு வழியாகப் போங்கள். நடுவில் பிரிந்துபோக முயன்றால்தான் பிரச்சினை. காவலரைத் தொடாதீர்கள், முகத்தை மூடாதீர்கள்.

ஆட்கள் நெருக்க ஆரம்பித்தால் இன்னொரு வகைக் கவனம் தேவை. கைகளை மார்புக்கு முன் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்க வேண்டாம். கூட்டம் அலையாக அசையும்போது எதிர்த்துத் தள்ளாமல் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். சுவர், கம்பித் தடுப்பு ஆகியவற்றிலிருந்து விலகியே இருங்கள். ஆட்டத்தின் முதல் பத்து நிமிடத்தைத் தவறவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. பின்வாங்கி நின்று காத்திருங்கள்.

கைது பண்ணிட்டா?

வெளிநாட்டில் கைதானால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவில் இருக்கிறது. கேட்டால்தான் நடக்கும், கேளுங்கள். தூதரகம் உங்களை விடுவிக்காது, அபராதம் கட்டாது. வழக்கறிஞர் பட்டியல் தரும், வீட்டுக்குத் தகவல் சொல்லும். புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். கடவுச்சீட்டு நகலும் ஒரு நண்பரின் எண்ணும் காகிதத்தில் இருக்கட்டும், ஏனென்றால் போனை முதலிலேயே வாங்கிவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அவசர எண் 112.

எல்லாம் பதிவு பண்ணினப்புறம் அவே ரசிகர்களுக்குத் தடைன்னு சொல்லிட்டாங்க. பணம் திரும்புமா?

மேட்ச் டிக்கெட் பணம் கிளப்பிடமிருந்து திரும்பும். விமானமும் ஹோட்டலும் உங்கள் பாடு. விமானம் குறித்த நேரத்தில் பறந்துவிட்டால் விமான நிறுவனத்துக்கு எந்தக் கடமையும் இல்லை. ஆட்டம் தள்ளிப்போனாலும் இதே கதைதான். சாதாரணப் பயணக் காப்பீடு இதை ஈடுசெய்யாது. பிரான்ஸில் இப்படிப்பட்ட ஆணைகள் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு வருவது உண்டு. ரசிகர் சங்கங்கள் நீதிமன்றம் போய் ரத்து செய்ய வைத்ததும் உண்டு. மாற்றிக்கொள்ளக்கூடிய பதிவுகளைப் பற்றி மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். டிக்கெட் செல்லாது என்றான பிறகும் போய்த்தான் தீருவேன் என்றால், ஏதென்ஸ் பற்றி எழுதியதை இன்னொரு முறை படியுங்கள்.

ரொம்ப மோசமா நடத்தினாங்க. யார்கிட்ட புகார் சொல்றது, சொல்லி என்ன ஆகப்போகுது?

சொல்லுங்கள், ஆகும். 2022 மே 28 அன்று பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி 36 நிமிடம் தாமதமானது. வாசல்களில் ஆயிரக்கணக்கானோர் நெரிசலில் சிக்கினார்கள், குழந்தைகள் இருந்த இடத்திலும் கண்ணீர்ப் புகை அடித்தார்கள். தாமதமாக வந்த ரசிகர்களும் போலி டிக்கெட்டும்தான் காரணம் என்று அன்றிரவே அதிகாரிகள் சொன்னார்கள். அங்கே இருந்தவர்கள் போனில் எடுத்த காட்சிகளும் எழுதிக் கொடுத்த வாக்குமூலங்களும் அந்தக் கதையைக் கலைத்தன. 2023 பிப்ரவரியில் வந்த சுயாதீன விசாரணை அறிக்கை, முதன்மைப் பொறுப்பு யூஇஎஃப்ஏவுடையது என்றது. மைதானத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவுகள் ஏழு நாளில் தானாக அழிந்துபோயிருந்தன. யாரும் கேட்டு வாங்கி வைக்கவில்லை.

ஆகவே திரும்பும் விமானத்திலேயே எழுதத் தொடங்குங்கள். எந்த வாசல், எத்தனை மணி, எத்தனை நிமிடம் நின்றீர்கள், காவலர் சட்டையில் என்ன எண், யாருக்கு அடி, எந்த மருத்துவமனை. படங்களை நேரத்தோடு சேமியுங்கள். முதலில் உங்கள் கிளப்பின் ரசிகர் தொடர்பு அலுவலருக்கு அனுப்புங்கள். 2012-13 பருவம் முதல் யூஇஎஃப்ஏ உரிமத்துக்கு அப்படி ஒருவர் கட்டாயம். அடுத்து உங்கள் ரசிகர் சங்கத்துக்கு ஒரு நகல். ஐரோப்பிய அளவில் ஃபுட்பால் சப்போர்ட்டர்ஸ் யூரோப் என்ற கூட்டமைப்பு இத்தகைய சாட்சியங்களைத் திரட்டுகிறது. காயம் இருந்தால் அந்த நாட்டிலேயே மருத்துவச் சான்று வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மைதான நிர்வாகத்துக்கும் அந்த ஊர்க் காவல்துறைக்கும் இரண்டு நாளுக்குள் எழுத்தில் கேளுங்கள்.